லோயர் கேம்பில் கழற்றும் ஸ்வெட்டர்

குமுளியை விட்டுப் பேருந்து இறங்கத் தொடங்கும்போது மதினி ஸ்வெட்டருக்குள் இருப்பாள். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியும். காது அடைத்துத் திறக்கும். கடைசி வளைவைத் தாண்டியதும் லோயர் கேம்பின் தென்னைகள் சன்னலோரம் வந்து நிற்கும். வெயில், டிக்கெட் வாங்காத ஆளைப்போல மடியில் ஏறி உட்காரும். அப்போது அவள் எழுந்திருப்பாள். ஓடுகிற வண்டியில், ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தான்களைக் கழற்றுவாள். செங்கல் நிற ஸ்வெட்டர். முழங்கையில் வேறு நிற நூலில் ஓர் ஒட்டு. அதை மடித்து ஒயர்க்கூடையின் அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்ததும் ஒரு மூச்சு விடுவாள். பெருமூச்சு இல்லை அது. மூடியைத் திறந்ததும் கொதிக்கிற பாத்திரம் விடுமே, அந்த மூச்சு.

"இனிமே நாம விருந்தாளியட்டி" என்பாள் என்னிடம்.

யார் வீட்டு விருந்தாளி? அப்போது மதுரையில் எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசல்படி கிடையாது. அவள் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நான் வண்டிப்பெரியாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காகிதக் கட்டு வாங்க மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்கு இறங்குவேன். மதினிக்கு வாங்கவும் விற்கவும் அங்கே ஒன்றும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். எனக்காக ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, அந்த நாளுக்கான பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுக்கொடுத்துவிட்டு, முதல் பேருந்துக்கு எனக்கும் முன்னால் வந்து நிற்பாள். "ஒத்தையில போகாத புள்ள, நான் தொணைக்கு வாரேன்" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வாள். ஊருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தெருவில் நின்று சாப்பிட வருகிறாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. லயத்தில், அதாவது தோட்டக்காரர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். அதனால் இவள் மதினி. அந்தப் பெயர் எனக்குப் போதும். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று போய்ச் சொன்னால், "எழுதுன நேரத்துக்கு எனக்கு ஒரு தட்டு பணியாரம் வாங்கிக் குடுத்திருக்கலாம்லா?" என்றுதான் கேட்பாள்.

ஆரப்பாளையம் நிலையத்தில் இறங்கியதும் அவள் நடையே மாறிவிடும். தோட்டத்துச் சரிவில் முன்சாய்ந்து ஏறிப் பழகிய உடம்பு, சமதரையில் கொஞ்சம் பின்சாய்ந்து, மார்பை முன்னால் வைத்து, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாப்பிள்ளை வீட்டுக்காரி போல நடக்கும். வெளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பருத்திப்பால் வண்டி. பெரிய பித்தளைப் பானை, கழுத்தில் ஈரத்துணி. பானைக்குப் பின்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர். முதல் நிறுத்தம் அதுதான். கூடையை இரண்டு கால்களுக்கும் நடுவில் இறக்கி வைப்பாள். சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்ப்பாள். முடிச்சுக்குள் ஏலக்காய். பச்சை மாறாத, நகம் பட்டாலே மணக்கிற எங்கள் ஊர் ஏலக்காய்.

"வெறுங்கையோட ஒருத்தர் அடுப்படிக்குப் போகலாமாட்டி?" என்பாள்.

அவர் முதல்முறை திகைத்துத்தான் போனார். வாடிக்கையாளர் காசு கொடுப்பார், சண்டை கொடுப்பார். ஏலக்காய் யார் கொடுப்பார்? மதினி காசையும் கொடுத்தாள், காயையும் கொடுத்தாள். அவர் இரண்டு காயைக் கரண்டிக் காம்பால் நசுக்கி, அவள் தம்ளரிலேயே போட்டு ஆற்றிக் கொடுத்தார். கருப்பட்டியும் சுக்கும் பருத்திப்பாலும் எங்கள் ஏலக்காயும் சேர்ந்து எழுப்பிய அந்த ஆவியை இப்போது எழுதும்போதும் நான் முகத்தால் உணர்கிறேன். மதினி ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"அடிபொளி!"

அவர் கரண்டியை நிறுத்திவிட்டார். "என்னக்கா, திட்டுறீங்களா?"

"ஐயோ, இல்லண்ணே! எங்க பக்கம் ரொம்ப நல்லாருந்தா அப்படித்தான் சொல்லுவோம். மலையாளத்துக்காரங்ககிட்ட வாங்குனது."

"அப்ப சரி. எந்த ஊரு?"

"நாங்க மலை."

வண்டிப்பெரியார் என்று சொல்ல மாட்டாள், குமுளி என்று சொல்ல மாட்டாள். எஸ்டேட் பெயரையும் சொல்ல மாட்டாள். "நாங்க மலை." ஏதோ மலை முழுவதும் அவளை அனுப்பி, போய் ருசி பார்த்துவிட்டு வந்து சொல் என்று கேட்டுக்கொண்டதுபோல. அந்த மனிதரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அவருக்கு மலைக்காரம்மா. பார்த்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "மலையில மழையா?" மதினி நின்று, நிதானமாக, மழையைப் பற்றி அவருக்குச் சொல்வாள். எந்தப் பக்கம் கறுத்தது, எந்த ஓடை நிரம்பியது, காற்று எப்படி. மதுரை வெயிலில் நெற்றி வழிய நிற்கிற அந்த மனிதர் அந்த மழையைக் கேட்டுக்கொண்டே பால் ஆற்றுவார். அவருக்கும் அவள் ஏதோ பரிமாறினாள் என்றுதான் தோன்றும்.

பிறகு நகரத்துக்குள் நடப்போம். காகிதக் கடைக்கு நேர்வழி உண்டு. மதினியோடு போனால் நேர்வழி கிடையாது. வண்டிகள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் வழி. முள்முருங்கை வடைக்காக ஒரு சந்து. கம்மங்கூழுக்காக ஒரு மரத்தடி. அங்கே மோர்மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழியச் சிரிப்பாள். வாழைக்காய் பஜ்ஜி கண்டால், "நம்ம ஊருல பழத்தப் போட்டு இனிப்பா பொரிப்பாக, இவுக காயப் போட்டு காரமா பொரிக்காக. ஒரே வாழ, ரெண்டு புத்தி" என்பாள். ஒரு நாளில் ஒரு வண்டிக்கு ஒருமுறைதான். உட்கார மாட்டாள். பெஞ்சு போட்டிருந்தாலும் உட்கார மாட்டாள். பார்சல் கட்டவே மாட்டாள்.

"கட்டுனா ஆறிரும். ஆறுனா அது லயத்துச் சோறு."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும். விடியுமுன் எழுந்து பொங்கி, தூக்குவாளியில் அடைத்து, சரிவில் ஒரு பாறை மறைவில் வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவாள். மதியத்தில் திறந்தால் சோறு குளிர்ந்து ஒட்டிக் கிடக்கும். மழை நாளில் குழம்பில் மேலும் கொஞ்சம் மழை. தானே பொங்கி, தானே கட்டி, தானே பிரித்துத் தின்று, சாயந்தரம் போய் மறுபடி தானே பொங்கியவள். ஒருமுறை இட்லி வண்டி ஒன்றின் எதிரில் நின்றபோது, இட்லித்தட்டைத் தூக்கும் ஆவிக்குள்ளிருந்து அவள் சொன்னாள்:

"எனக்குன்னு ஒருத்தர் அடுப்ப மூட்டிக்கிட்டு ரோட்டுல நிக்காகட்டி. நான் யாருன்னு தெரியாது. எப்ப வருவேன்னு தெரியாது. ஆனாலும் நிக்காக. பாக்காத மாதிரி போயிர முடியுமா?"

வண்டியைத் தேர்ந்தெடுக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. கையைப் பார்ப்பாள். வண்டி பளபளக்கிறதா, கூட்டம் நிற்கிறதா, எதுவும் கணக்கில்லை. சற்றுத் தள்ளி நின்று, விற்கிறவர் கை போகிற போக்கைப் பார்ப்பாள். கொழுந்தெடுக்கிறவள் அல்லவா, கைகளை நம்புகிறவள். அவள் விரல்களே தேயிலைச் சாறு ஏறி, நகக்கண் கறுத்து, எந்தப் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாமல் இருந்தன. "தடுமாறாத கைன்னா நம்பித் திங்கலாம். பதறுத கையின்னா ஓடிரு" என்பாள், ஏதோ சட்டம் படித்தவள் மாதிரி.

சட்டம் ஒருமுறை கவிழ்ந்தது. ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சுண்டல்காரர். மதினி தள்ளி நின்று பார்த்தாள், தலையாட்டினாள், தின்றோம். திரும்பும்போது மலைப்பாதையின் நடு வளைவில் அவள் முகம் வெளுத்தது. ஓட்டுநரிடம் போய் எதையோ சொன்னாள். பேருந்து நின்றது. புதருக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. நடத்துநர் இறங்கிப் போய்க் குரல் கொடுத்தார்: "ஏம்மா, உங்க ஊரு இங்கதானா? டிக்கெட் குமுளிக்குல எடுத்தீக!"

பேருந்தே சிரித்தது. மதினி சேலையை உதறிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டபிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"சுண்டல் மேல குத்தம் இல்ல. அவன் கையைப் பாக்கேன்னு நின்னுட்டு மீசையப் பாத்துட்டேன். நல்ல மீசை."

இப்படிப்பட்டவள் ஓய்வு பெற்றபோது, லயத்துப் பெண்கள் யாரும் அவளுக்காக வருத்தப்படவில்லை. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். சாவியைத் தோட்ட ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் வேறு வழி இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகளை மதுரையில், செல்லூர்ப் பக்கம், வண்டி உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஊரெல்லாம் சொன்னது ஒன்றுதான்.

"ஒனக்கென்னக்கா, மதுரையிலேயே குடியிருக்கப் போற. இனி தெனமும் தெருவுல விருந்துதான்!"

அவளும் அதைத்தான் நம்பினாள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று, இனி எந்தத் தெருவில் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கள் பணியாரம், செவ்வாய் கூழ் என்று விரல் மடக்கினாள். ஜீப்பில் சாமான் ஏறியது. மதினி முன்சீட்டில், ஸ்வெட்டரோடு, தேருக்குள் இருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். லோயர் கேம்பில் அவள் அதைக் கழற்றுவாள். திரும்பிப் போட்டுக்கொள்ளும் பயணம் இந்த முறை கிடையாது.

அடுத்த மாதம் காகிதம் வாங்கப் போனவள் செல்லூர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு சின்ன வீடு. கொடியில் அந்தச் செங்கல் நிற ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது, மார்பில் பெரிய வெள்ளைத் திட்டோடு.

"இத என்ன பண்ணுனீங்க மதினி?"

மகள் அடுக்களையிலிருந்து சிரித்தாள். "நீங்களே கேளுங்க அத்தே. அம்மா பண்ணுன கூத்த."

வந்த புதிதில் மதினி இட்லிக்கு ஆட்டியிருக்கிறாள். எங்கள் ஊரில் மாவு தானாகப் புளிக்காது. ஆட்டிய பாத்திரத்தை அடுப்பங்கரையில் வைத்து, சாக்கு, கம்பளி, எது கிடைக்கிறதோ அதைப் போர்த்தி, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் சில நாள் கண் திறக்காது. மதினியின் கை யோசிக்கவில்லை. மதுரையின் கோடையில், ஃபேன் போட்டும் தூங்க முடியாத வீட்டில், மாவுப் பாத்திரத்துக்குத் தன் ஸ்வெட்டரைப் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டாள். காலையில் மகள் எழுந்து வந்து பார்த்தால், மாவு கழுத்து வழியாக ஏறி, இரண்டு கைகளிலும் புகுந்து வெளியே வந்து, தரையில் நடந்து போய்க்கொண்டிருக்கிறது.

"'யம்மா, இது மதுரைம்மா!'ன்னு கத்துனேன் அத்தே. 'அதுக்குத் தெரியல போலட்டி'ன்னு சொல்லுது."

மதினியும் சிரித்தாள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மிச்சத்தை மகள் அடுக்களைக்குத் திரும்பியபிறகு அவளே சொன்னாள், குரலைத் தாழ்த்தி.

பாத்திரத்தில் மிஞ்சிய, அவ்வளவு புளித்த மாவை வீணாக்க மனமில்லை. தெருமுனையில் பணியாரம் சுடுகிற ஒரு பெண் இருந்தாள். மதினி வந்த நாளிலேயே கையைப் பார்த்து வைத்திருந்தாள். தடுமாறாத கை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனாள். அந்தப் பெண் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "யக்கா, இது மாவா, மாமியாரா? இம்புட்டுக் கோவமா இருக்கு!" என்றாளாம். அப்புறம் தன் மாவையும் வெங்காயத்தையும் கலந்து, குழிகளில் ஊற்றி, திருப்பி, மதினிக்கு ஒரு தட்டு வைத்தாள். கல்லிலிருந்து எடுத்த சூடு. மதினி நின்றபடி தின்றாள். மதுரைவாசியாக அவள் தெருவில் தின்ற முதல் தட்டு. "அடிபொளி" என்றும் சொல்லியிருக்கிறாள்.

கீழ்வீட்டுப் பெண் பால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். நின்றாள். சிரித்தபடி கேட்டாள்: "என்னத்தே, மக வீட்டுல இன்னும் அடுப்பு பத்த வைக்கலையா?"

அவ்வளவுதான். மதியத்துக்குள் அந்தக் கேள்வி மாடி ஏறி வந்துவிட்டது. மகள் சண்டை போடவில்லை. மதினியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாளாம்.

"நீங்க வந்துட்டுப் போறவங்களா இருந்தா, 'பாவம், மலையில இருந்து வந்துருக்காங்க, ஆசப்படுறாங்க'ன்னு விட்டுருவாங்கம்மா. இங்கேயே இருக்கிறவங்கள அப்படிச் சொல்ல மாட்டாங்க. பெத்தவளுக்கு மக சோறு போடலைன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பேரு வேணாம்மா."

"அவ சொல்லுததுலயும் தப்பு இல்லட்டி" என்றாள் மதினி. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெருமுனையில் பணியாரக் கல்லிலிருந்து புகை எழுந்து, மாடி உயரம் வரை வந்து, கலைந்தது.

மருமகன் வந்தார். நல்ல மனிதர். மாமியாருக்கு வெளிச்சாப்பாடு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தினமும் கடை விட்டு வரும்போது ஒரு பொட்டலம். அன்று தோசை. வாழையிலைக்கு மேல் காகிதம், காகிதத்துக்கு மேல் நூல். மதினி நூலைப் பிரித்தாள். தோசை நாலாக மடங்கி, வியர்த்து, தன் மீதே ஒட்டிக்கொண்டு கிடந்தது. சட்னி அதன் ஓரத்தில் ஊறியிருந்தது. அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"நல்லாருக்கு மாப்ள."

நல்லாருக்கு. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். மருமகன் முகம் மலர்ந்தது. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். ஆறியதை மென்றுகொண்டிருக்கும் அவள் தாடை, பாறை மறைவில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உட்காரும் மதியங்களின் தாடையாக இருந்தது. அப்போது எனக்குப் பயம் வந்தது. நோய் வந்தவர்களைப் பார்த்து வருகிற பயம் இல்லை இது. நோயில்லாமல், அன்பால், கொஞ்சம் கொஞ்சமாக ஒருத்தி அணைந்துவிடுவாளோ என்கிற பயம். திரும்புகிற பேருந்தில் மலையேறும்போது பக்கத்து இருக்கையில் என் காகிதக் கட்டு உட்கார்ந்து வந்தது.

அப்புறம் கொஞ்ச நாள் அவள் பேச்சு தொலைபேசியில்தான். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால், "பார்சல் வந்துச்சு" என்பாள். வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் கூட்டம், என்னாலும் இறங்க முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பெரியாறு கலங்கி, நிறம் மாறி ஓடியது.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் ஏதோ ஏறியிருந்தது.

"வாரப்ப ஏலக்காய் கொண்டாட்டி. பச்சையா, நல்லதா. கைநிறைய."

"பாயசத்துக்கா மதினி?"

"நீ கொண்டா. வீட்டுக்கு வராண்டாம். பஸ் ஸ்டாண்டுலயே நிக்கேன்."

அதற்கடுத்த நாளே மகள் கூப்பிட்டாள். "அத்தே, அம்மாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல்ல? வாரத்துல ஒரு நாள் வெளிய போயிட்டு வாரேன்னு கெளம்பிருது. இந்த வெயில்ல அந்த ஸ்வெட்டர வேற எடுத்துட்டுப் போகுது. எதுக்கும்மான்னு கேட்டா, 'வேணும்'ங்குது."

முதல் பேருந்தில் இறங்கினேன். குமுளியில் அடைமழை. குடையை உதறக்கூட நேரமின்றி ஏறியதில் என் கால்மாட்டில் வழிநெடுக ஒரு சின்ன ஓடை ஓடியது. கம்பத்தில் வெயில். தேனியில் வெயில். உசிலம்பட்டியில் பேருந்தின் தகரமே முனகியது. ஆரப்பாளையத்துக்குள் வண்டி திரும்பியபோது சன்னல் வழியாக அவளைத் தேடினேன்.

நடைமேடைத் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒயர்க்கூடை காலடியில். அந்த வெயிலில், அந்த அனலில், செங்கல் நிற ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு. மார்பில் மாவுத்திட்டு. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் எங்கள் பேருந்தின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தாள்.

கதவு திறந்தது. மலைக்காரர்கள் இறங்கினார்கள். சாக்குகள், குழந்தைகள், கம்பளித் தொப்பிகள். மதினி கூடையை எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாள், எதிர்த்திசையில் இல்லை, கூடவே. அவர்களோடு சேர்ந்து நடந்தாள். இரண்டு எட்டு நடந்து, நின்று, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தான்களைக் கழற்றினாள். ஸ்வெட்டரை மடித்தாள். கூடையின் அடியில் வைத்தாள். அப்புறம்தான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இனிமே நாம விருந்தாளியட்டி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "மதினி, இது என்ன வேல?"

"என்ன வேல? மக தெருவுல நான் தாயி. அங்க அவ போடுததத் திங்கேன், ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். அவ பேரு கெடக் கூடாதுல்லா? ஆனா இங்க எறங்குனவ யாரு? மலைக்காரி." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாரத்துக்கு ஒருக்கா வந்து எறங்கிக்கிடுதேன். யாரு கேக்கப் போறாக?"

"ஏறாமலேயே எறங்குறீங்க!"

"ஏறுறதுக்கு ஒன்னய விட்டுருக்கேன்லா. காயக் குடு."

ஏலக்காயை அவள் கையில் கொட்டினேன். முகர்ந்து பார்த்தாள், வெகுநேரம். பிறகு முந்தானையில் வைத்து, இறுக்கி, பழைய முடிச்சைப் போட்டாள். நிமிர்ந்தாள். மார்பு முன்னால் வந்தது. கல்யாண வீட்டுக்குள் நுழைகிற அந்த நடை வந்தது. இடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள், ஆட்டோக்காரர்களின் கூச்சல், டீசல் புகை எல்லாம் அவளுக்கு வழிவிட்டன என்றே எனக்குத் தோன்றியது.

பருத்திப்பால் வண்டி அங்கேயே இருந்தது. மீசை இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கூடையைக் கால்களுக்கு நடுவில் இறக்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். அவர் பழகிய கையோடு இரண்டு காயைக் கரண்டிக் காம்பால் நசுக்கினார், ஆற்றினார், நீட்டினார். மதினி ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"அடிபொளிண்ணே!"

"வாங்க, வாங்க மலைக்காரம்மா. இன்னைக்கு ஆளும் கூட்டிட்டு வந்துருக்கீங்க." அடுத்த தம்ளரை எனக்கு ஆற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "மலையில மழையா? போன வாரம் வெயிலுன்னுல்ல சொன்னீங்க?"

நான் வாயைத் திறந்தேன். மதினி முந்திக்கொண்டாள். என் கையிலிருந்த குடையை வாங்கி, மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரல்நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். கறுப்பு இன்னும் முழுவதும் போகாத விரல். நிமிர்ந்து, தம்ளரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"அது போன வாரம்ணே. இப்ப விடிய விடிய ஊத்துது. பெரியாறு கலங்கி ஓடுது. நாங்க ஏறும்போது குமுளியில எதிர்க்க வந்த ஆளு மொகம் தெரியல. இந்தா, தொட்டுப் பாருங்க, கொட இன்னும் காயல."